காது ஓரம், வால், மூக்கு, முன்கை: ஒன்றுபோலத் தெரியும் வௌவால்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

வௌவால் படத்தை அனுப்பி "இது என்ன வகை?" என்று கேட்பவர்கள் முக்கால்வாசிப் பேர் கூடவே ஒரு வரி எழுதுவார்கள்: "பழுப்பு நிறம், சின்னதா இருந்துச்சு." அதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. இந்தியாவில் 120க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன, அதில் பெரும்பாலானவை பழுப்பு, பெரும்பாலானவை சின்னது. நிறம் ஒரே இனத்துக்குள்ளேயே சாம்பலிலிருந்து ஆரஞ்சு வரை மாறும். இருட்டில், தூரத்தில், பறக்கும்போது அளவும் கண்ணை ஏமாற்றும். ஏமாற்றாதவை நாலு: காது ஓரம், வால் அமைப்பு, மூக்கின் வடிவம், முன்கை எலும்பின் நீளம். இந்த நாலையும் பார்க்கக் கண் பழகிவிட்டால், ஒன்றுபோலத் தெரியும் ஜோடிகளில் பாதிக்கு மேல் பிரிந்துவிடும். பிரியாத மீதியை எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது பெங்களூரில், அல்சூர் பக்கம். தெருவில் ஒரு சிங்கப்பூர் செர்ரி மரம் நிற்கிறது, நம் ஊரில் தேன்பழம் என்பார்களே, அதே மரம். வருஷம் முழுக்கக் காய்க்கிறது, அதனால் வருஷம் முழுக்க வௌவால் வருகிறது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பி, பெரிய வௌவாலோட குட்டி ஒண்ணு கீழே விழுந்து கெடக்கு, தாய் தேடுமே, வந்து பாரேன்" என்றார். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, சுவரோரமாக, நனைந்துபோய்க் கிடந்தது. டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து முகத்தைப் பார்த்தேன். காது மடலின் ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளை. கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு கலந்த செம்பழுப்பில் ஒரு பட்டை. குட்டி கிடையாது, நன்றாக வளர்ந்த ஆண் வௌவால், அதன் இனமே அவ்வளவு பெரிசுதான். தடித்த துண்டைப் போட்டு, அட்டையால் ஏந்தி, துண்டோடு மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டோம். அரை மணி நேரத்தில் போய்விட்டது. அக்காவைப் போலவே எத்தனையோ பேர் குறுமூக்குப் பழந்தின்னியைப் பெரிய பழந்தின்னியின் குட்டி என்று நினைக்கிறார்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குறுமூக்குப் பழந்தின்னி வௌவால், அறிவியல் பெயர் சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். நகரத்தில் ராத்திரி மரத்தடியில் படபடவென்று சத்தம் கேட்டால் அநேகமாக இதுதான். முதலில் காது: வெளிர் ஓரம் தெளிவாகத் தெரியும், மொபைல் படத்தில்கூட. அடுத்து விரல்: இறக்கைச் சவ்வு கருமை, அதற்குள் ஓடும் விரல் எலும்புகள் வெளிர். பறக்கும்போது கீழிருந்து விளக்கு வெளிச்சம் பட்டால் கறுப்புக் குடைக்குள் வெள்ளைக் கம்பி மாதிரி இருக்கும். மூன்றாவது மூக்கு: முகம் குட்டையாக, நாய்க்குட்டி முகம் போல, மூக்குத்துளை இரண்டும் சிறு குழாய்களாக முன்னே துருத்தி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியாக வால், ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும் ஒரு முளை. இந்த முளையை மறந்துவிடாதீர்கள், பிறகு ஒரு பெரிய கதைக்கு இதுதான் ஆதாரம்.

நிறத்தை நம்பாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு இந்த ஒரு இனமே போதும். ஆணுக்குக் கழுத்துப் பட்டை ஆரஞ்சு, பெண்ணுக்கு அதே இடம் மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு, குட்டிக்குப் பட்டையே கிடையாது, உடம்பு முழுக்கச் சாம்பல். ஒரே நெட்டிலிங்க மரத்தில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் மூன்று இனம் என்று எழுதிவிடுவார். ஆண் வௌவால் நெட்டிலிங்கத்தின் கிளைக்குள் இலைக் காம்புகளையும் சிறு குச்சிகளையும் கடித்துக் கூடாரம் மாதிரி இடம் செய்துகொள்ளும், பெண்களும் குட்டிகளும் அதற்குள் வந்து தங்கும், ஆகவே மூன்று நிறமும் ஒரே இடத்தில் தெரிவது இயல்பு. நிறம் மூன்றாக இருந்தாலும் காது ஓரம் மூன்றுக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பெரிய பழந்தின்னி, டெரோபஸ் மீடியஸ் (பழைய பட்டியல்களில் டெரோபஸ் ஜைஜான்டியஸ்), நேரில் பார்த்தால் குழப்பமே வராது, இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். பகலில் வெட்டவெளியில் ஆல், அரசு, யூகலிப்டஸ் மாதிரி உயர்ந்த மரங்களில் கூட்டமாகத் தொங்கும், வெயில் ஏறினால் இறக்கையால் விசிறிக்கொள்ளும். தோள் பக்கம் வைக்கோல் நிறம், காதில் வெள்ளை ஓரம் கிடையாது, வால் அறவே கிடையாது. குழப்பம் வருவது படத்தில் மட்டும், பக்கத்தில் அளவுகோல் இல்லாதபோது. அப்போது காது ஓரத்தையும் வாலையும் பாருங்கள், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

உண்மையாகவே கஷ்டமான ஜோடி குறுமூக்கனும் ரூசெட்டஸ் லெஷனால்ட்டி என்ற இன்னொரு பழந்தின்னியும்தான். இரண்டும் பழுப்பு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டுக்கும் குட்டை வால், இரண்டுக்கும் பெரிய கண். ரூசெட்டஸுக்குக் காது ஓரம் வெளுத்திருக்காது, காது முழுக்க ஒரே நிறம். விரல் எலும்பும் சவ்வும் நிறத்தில் பிரிந்து தெரியாது. முகம் கொஞ்சம் நீளம், மூக்குத்துளை அந்த அளவுக்குக் குழாயாகத் துருத்தாது. தங்கும் இடமும் உதவும், மரத்தில் பகல் முழுக்கத் தொங்கினால் அது ரூசெட்டஸ் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்: அதற்குக் குகை, சுரங்கம், பாழடைந்த கட்டடம், பெரிய கிணறு என்று இருட்டு வேண்டும். அந்த இருட்டுக்குள் நாக்கைச் சொடுக்கி, எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும், பழந்தின்னிகளில் இது அபூர்வம். ஆனால் ராத்திரியில் இரண்டும் ஒரே மரத்துக்கு இரை தேட வரும், எனவே "பழ மரத்தில் பார்த்தேன்" என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

குறுமூக்கனுக்கு ஒரு சின்னத் தம்பி உண்டு, சைனோப்டெரஸ் பிராக்கியோட்டிஸ். தென்னிந்தியாவில் அது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு வௌவால். காது சின்னது, 18 மி.மீ. தாண்டாது, முன்கை பெரும்பாலும் 63 மி.மீ.க்குள் நிற்கும். நகரத்துக்குள் அதைப் பார்த்தேன் என்று எழுதுமுன் வளராத ஸ்பிங்ஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த வால் முளைக் கதை. 1948இல் தேனி மாவட்டத்து மேகமலையில், ஆங்கிலேயர்கள் ஹைவேவி என்று சொன்ன மலைகளில், ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போனது, குறுமூக்குப் பழந்தின்னி என்ற பெயரில் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து 1972இல் இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்பு) என்று எழுதி, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்: லாட்டிடென்ஸ் சலீமலிஐ. குறுமூக்கனுக்கு இருக்கும் அந்த ஒரு சென்டிமீட்டர் வால் இதற்குக் கிடையாது. காது ஓர வெள்ளையும் கிடையாது. பல்லில் வேறுபாடு, மண்டையோட்டில் வேறுபாடு எல்லாம் உண்டு, ஆனால் வெளியிலிருந்து பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி "வால் எங்கே?" என்பதுதான். அந்தக் கேள்வி எழ 24 வருஷம் ஆனது.

இதில் சட்டமும் கலந்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை மொத்தமாக எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள், சலீம் அலி வௌவாலை மட்டும் பிறகு எடுத்து உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் வைத்தார்கள். ஏறக்குறைய ஒரே தோற்றம், ஒன்றைக் கொல்லத் தடையில்லை, இன்னொன்றைத் தொட்டாலே குற்றம். தீங்குயிர் அட்டவணையே 2022 திருத்தத்தில்தான் போனது.

சரி, முன்கைக்கு வருவோம். வௌவால் ஆட்களிடம் ஒரு வௌவாலைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி முன்கை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்குமான எலும்பு அது. இறக்கை மடங்கி இருக்கும்போது உடம்பின் பக்கவாட்டில் நீளமாக, நேராக ஓடுவது அதுதான், எனவே உட்கார்ந்திருக்கும் வௌவாலின் படத்தில் அநேகமாக முழுசாகத் தெரியும். உடம்பின் நீளம் கூனும் நிமிரும், இறக்கையின் அகலம் விரிப்பதைப் பொறுத்தது, எடை சாப்பிட்ட பழத்தைப் பொறுத்தது, முன்கை மட்டும்தான் நிலையாக நிற்கும்.

அளக்க வௌவாலைப் பிடிக்க வேண்டாம், பிடிக்கவும் கூடாது. நான் செய்வது இது. வௌவால் சுவரில் ஒட்டியிருந்தால் நேர் எதிரே நின்று படம் எடுப்பேன். நின்ற இடத்தைச் செருப்பு வைத்துக் குறித்துக்கொள்வேன். ராத்திரி அது பறந்து போன பிறகு, அது இருந்த அதே இடத்தில் ஒரு ஏடிஎம் கார்டைக் குச்சியின் நுனியில் டேப் ஒட்டி வைத்துப் பிடித்து, குறித்த இடத்தில் நின்று, ஜூமை மாற்றாமல் இன்னொரு படம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவு வந்துவிடும். எந்த வங்கிக் கார்டாக இருந்தாலும் நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ., இது உலகம் முழுக்க ஒன்று. 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. இந்த மூன்று எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பெரிய பழந்தின்னியின் முன்கை கிட்டத்தட்ட இரண்டு கார்டு நீளம். ரூசெட்டஸ் கார்டு நீளத்தைத் தொட்டும் தொடாமலும், 75 முதல் 86 மி.மீ. வரை. குறுமூக்கன் 64 முதல் 79 வரை. பார்த்தீர்களா, கடைசி இரண்டின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, அதனால்தான் காது ஓரத்தை முதலில் சொன்னேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குட்டியின் முன்கை வளர்ந்துகொண்டிருக்கும், அதை அளந்து "சின்ன இனம்" என்று முடிவு கட்டக்கூடாது. விரல் மூட்டுகளைப் பாருங்கள். வளர்ந்த வௌவாலுக்கு மூட்டு சின்ன உருண்டை முடிச்சு மாதிரி இருக்கும், குட்டிக்கு நீண்டு தடித்து இருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் அந்த இடம் ஊடுருவித் தெரியும், குருத்தெலும்பு இன்னும் எலும்பாகவில்லை என்று அர்த்தம்.

பூச்சி தின்னும் வௌவால்களுக்கு வரும்போது வால்தான் வாசல். முதலில் பழந்தின்னியா பூச்சிதின்னியா என்று பிரித்துக்கொள்ளுங்கள்: நம் பக்கத்துப் பழந்தின்னிகளுக்குக் கண் பெரிசு, காது எளிய கிண்ணம் மாதிரி, கட்டைவிரலில் ஒரு நகம், ஆள்காட்டி விரலிலும் ஒரு நகம். பூச்சிதின்னிக்குக் கட்டைவிரலில் மட்டும் நகம், கண் மிளகு மாதிரி. அப்புறம் வாலைப் பாருங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வுக்குள்ளேயே வால் நுனி வரைக்கும் அடங்கியிருந்து, மூக்கில் இலை மாதிரி மடிப்பும் இல்லையென்றால் அது வீட்டு மஞ்சள் வௌவால், பிப்பிஸ்ட்ரெல் எல்லாம் சேர்ந்த குடும்பம். வால் சவ்வின் நடுவில் மேல்பக்கமாகத் துளைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தால் கல்லறை வௌவால், டாஃபோஸஸ். வாலின் பாதி தடியாகச் சவ்வுக்கு வெளியே நீட்டி, உதடும் சுருங்கியிருந்தால் கட்டற்ற வால் குடும்பம். எலி வால் மாதிரி மெல்லிசாக, நீளமாக, சவ்வே இல்லாமல் தொங்கினால் எலிவால் வௌவால், ரைனோபோமா. அந்த எலிவால் கூட்டத்தில் இரண்டு இனத்தைப் பிரிக்கக்கூட வால்தான்: முன்கையைவிட வால் நீளமென்றால் ஹார்ட்விக்கி, முன்கையைவிடக் குட்டையென்றால் மைக்ரோஃபில்லம். டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்த ஜோடி பழைய கோட்டைகளில் கிடைக்கும், நமக்குப் பாறைக் குன்றுப் பக்கம் போக வேண்டும்.

வீட்டு மஞ்சள் வௌவால் இரண்டு, ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி பெரிசு, ஸ்கோட்டோஃபிலஸ் குலி சிறிசு. இரண்டுக்கும் வயிறு மஞ்சள், ஹீத்திக்கு இன்னும் பளிச்சென்று. ஆனால் மஞ்சளின் அழுத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவிளக்கின் ஆரஞ்சு வெளிச்சத்தில் எல்லா வயிறும் மஞ்சள்தான். கார்டை எடுங்கள். கார்டின் அகலம் 54 மி.மீ. என்றேன் அல்லவா, குலியின் முன்கை 44இலிருந்து 52 வரை, ஹீத்தியினுடையது 55இலிருந்து 66 வரை. கார்டின் குட்டைப் பக்கத்துக்குள் அடங்கினால் குலி, தாண்டினால் ஹீத்தி. இவ்வளவு சுத்தமாகப் பிரியும் ஜோடி வௌவால் உலகத்தில் அதிகம் கிடையாது, எனக்கு இதில் ஒவ்வொரு முறையும் சந்தோஷம்.

பிப்பிஸ்ட்ரெல்களில் அந்தச் சந்தோஷம் கிடைக்காது. அந்தி மயங்கும்போது இன்னும் வெளிச்சம் இருக்கையிலேயே வெளியே வந்து அல்சூர் ஏரிக்கரை விளக்குகளைச் சுற்றிச் சுற்றி மடங்கி மடங்கிப் பறக்கும் பொடி வௌவால்கள் இவை. அந்த நேரத்தில் வீட்டு உழவாரன் குருவியும் பறக்கும், குருவி இறக்கையை விறைப்பாக வைத்து வழுக்கிக்கொண்டு போகும், வௌவால் ஒரு நொடிகூட வழுக்காமல் படபடத்துக்கொண்டே இருக்கும். முன்கை 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு என்றால் அது கொரமாண்ட்ராவாகவோ டென்யூயிஸாகவோ இருக்கலாம். இரண்டின் அளவும் ஒன்றின்மேல் ஒன்று விழும், நிறமும் அப்படியே, பிரிக்க மண்டையோடும் ஆண் உறுப்புக்குள் இருக்கும் குட்டி எலும்பும் வேண்டும். படத்தை வைத்து அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். முன்கை 35ஐத் தாண்டிவிட்டால் மட்டும் சிலோனிக்கஸ் பக்கம் யோசிக்கலாம்.

மூக்கில் இலை மாதிரி சதை மடிப்பு உள்ளவைதான் எனக்கு மிகப் பிடித்தவை, அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். இரண்டு குடும்பம்: லாட வௌவால் ரைனோலோஃபஸ், இலைமூக்கு வௌவால் ஹிப்போசிடெரோஸ். இரண்டுக்கும் மூக்கைச் சுற்றிக் கீழே குதிரை லாடம் போல ஒரு மடிப்பு உண்டு, அதனால் லாடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ணை மேலே கொண்டுபோங்கள். லாட வௌவாலுக்கு நெற்றிப் பக்கம் ஈட்டி முனை மாதிரி கூரான இலை எழும்பி நிற்கும், மூக்குக்கு நடுவிலும் ஒரு தண்டு முன்னால் நீட்டியிருக்கும். இலைமூக்குக்கு ஈட்டியும் இல்லை தண்டும் இல்லை, மேல் இலை உருண்டையாகச் சுவர் மாதிரி முடிந்துவிடும். தொலைவிலிருந்து என்றால் தொங்கும் விதத்தைப் பாருங்கள்: லாட வௌவால் இறக்கையால் உடம்பை மொத்தமாகச் சுற்றிப் பொட்டலம் கட்டிக்கொள்ளும், இலைமூக்கு பெரும்பாலும் இறக்கையைப் பக்கவாட்டில் மடித்து வைத்திருக்கும்.

இலைமூக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முகத்தின் பக்கவாட்டை எண்ண வேண்டும். லாட மடிப்புக்கு வெளியே கன்னத்தில் சின்னச் சின்னத் துணை மடிப்புகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு பக்கமும் மூன்று என்றால் ஸ்பியோரிஸ். நாலு இருந்து உடம்பும் பெரிசென்றால் லங்காதீவா. துணை மடிப்பே இல்லையென்றால் ஃபல்வஸ் அல்லது ஏட்டர், அவற்றில் காது தலையைவிடப் பெரிசோ என்று தோன்றும் அளவுக்கு அகலமாக உருண்டிருந்தால் ஃபல்வஸ், காதும் சிறிது, முன்கையும் 38க்குள் என்றால் ஏட்டர்.

சித்தப்பா வீடு கோலார் தங்கவயலில். சில வருஷம் முன்னால் பொங்கலுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் ஒரு இடிந்த கட்டடத்தில் இலைமூக்குகள் தொங்குவதைக் காட்டினார். ஒரு மூலையில் எல்லாம் சாம்பல், அதே மூலையில் நடுநடுவே ஐந்தாறு மட்டும் தீக்குச்சி வெளிச்சத்தில் பித்தளைக் குத்துவிளக்கைப் பார்த்த மாதிரி பொன்னாரஞ்சு. இரண்டு இனம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு ஊர் வந்தேன். படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு நிறத்துக்கும் கன்னத்தில் துணை மடிப்பு இல்லை, இரண்டுக்கும் அதே பெரிய உருண்டைக் காது. எல்லாமே ஃபல்வஸ். அந்த இனத்தின் மயிர் சாம்பலிலிருந்து பொன்னாரஞ்சு வரை எப்படியும் இருக்கும். ஸ்பியோரிஸும் அப்படியே, லாட வௌவால்களில் ரூக்ஸியும் அப்படியே. நிறத்தை நோட்டில் எழுதுவதைத் தப்பென்று சொல்லவில்லை, அதைக் கடைசி வரியில் எழுதுங்கள்.

தங்கவயலைச் சொன்ன பிறகு கோலார் இலைமூக்கு வௌவாலைச் சொல்லாமல் போக முடியாது. ஹிப்போசிடெரோஸ் ஹைப்போஃபில்லஸ், 1994இல்தான் அறிவியலுக்குப் பெயர் கிடைத்தது, இன்று உலகத்திலேயே கோலார் மாவட்டத்தின் ஹனுமனஹள்ளி பக்கத்துக் குகையில்தான் இருப்பதாகத் தெரிகிறது. இருநூறுக்கும் குறைவு. சுற்றிலும் கருங்கல் பாறை, கல்லுடைப்புதான் அதற்குப் பெரிய ஆபத்து, உலகப் பட்டியலில் அழியும் விளிம்பில் உள்ள இனம். இது இங்கே ஏன் முக்கியமென்றால், அதுவும் சின்ன இலைமூக்கு, அவசரமாகப் பார்ப்பவருக்கு எல்லா இலைமூக்கும் ஒன்று. "அது சாதா வௌவால்தான், நிறைய இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் பாறை போய்விடும்.

போலி இரத்தக்காட்டேரி வௌவால், லைரோடெர்மா லைரா, முகத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார்: இரண்டு பெரிய காதும் நெற்றியில் ஒட்டியிருக்கும், காதுக்குள் நிற்கும் சிறு மடல் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும், வெளியே தெரியும் வால் கிடையாது, மயிர் நீலம் ஓடிய சாம்பல். பெயரில்தான் இரத்தம், தின்பது தவளை, பல்லி, எலி, பெரிய பூச்சி. பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் காலையில் தவளைக் கால்கள் கிடந்தால் மேலே பாருங்கள். இதன் சொந்தக்காரன் மெகாடெர்மா ஸ்பாஸ்மா ஈரக்காட்டு வௌவால். லைராவின் மூக்கிலை உயரமாக, பக்கங்கள் நேராக இருக்கும், ஸ்பாஸ்மாவுக்கு இதய வடிவில் பக்கங்கள் புடைத்திருக்கும்.

கல்லறை வௌவால்களைத் தொங்கும் விதத்திலேயே பிடித்துவிடலாம், ஏனென்றால் அவை தொங்காது. வயிறு பாறையில் ஒட்டச் செங்குத்தாகப் பற்றிக்கொண்டு, வெளிச்சம் பட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். ராமநகரம் பக்கம் இருக்கிற மாதிரி பாறை இடுக்கிலும் பழைய கோயில் மண்டபங்களிலும் தேடலாம். இனம் பிரிக்கத் தாடையைப் பாருங்கள். ஆணுக்குத் தொண்டையில் பை இருந்தால் லாங்கிமேனஸ், பை இல்லாமல் கறுப்புத் தாடி இருந்தால் மெலனோபோகன், எல்லா ஆணுக்கும் தாடி இருக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். உடம்பு பெரிசாக, பின்பக்கமும் அடிவயிறும் மயிரில்லாமல் வெறும் தோலாக இருந்தால் நூடிவென்ட்ரிஸ்.

படம் எடுக்கும்போது ஒரு கோணம் போதாது. முகம் நேரே ஒன்று, பக்கவாட்டில் காதோடு ஒன்று, மடங்கிய இறக்கை முழுசாக ஒன்று, கால் நடுவே வால் தெரியும்படி ஒன்று. அந்த நாலாவது படத்தை யாருமே எடுப்பதில்லை, எனக்கு வரும் படங்களில் பாதிக்கு வால் தெரியாததால்தான் பதில் சொல்ல முடியாமல் போகிறது. பிளாஷ் வேண்டாம். மங்கலான டார்ச் ஒன்றைச் சுவரில் பட்டு வரும்படி பிடித்தால் போதும், கண்ணில் நேராக அடிக்கக்கூடாது. குட்டிகளோடு தாய்கள் இருந்தால் உள்ளே போகவே வேண்டாம், பதறிப் பறக்கும்போது குட்டி கீழே விழுந்துவிடும்.

வெறுங்கையால் எந்த வௌவாலையும் தொடாதீர்கள், செத்ததையும் தொடாதீர்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இது வௌவாலுக்கு எதிராகச் சொல்வது இல்லை, நாய்க்கடிக்கு என்ன செய்வோமோ அதேதான். பயந்துபோய் மரத்தை வெட்டச் சொல்பவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: தொடாமல் இருந்தால் போதும். எங்கள் தெருவில் கார் மேல் விழும் மஞ்சள் எச்சத்தைப் பற்றிச் சண்டை நடந்ததுண்டு. நான் ஒரு நாள் அதைக் குச்சியால் பரப்பிக் காட்டினேன், கசகசாவைவிடப் பொடியாக நூற்றுக்கணக்கில் செர்ரி விதை. அந்தத் தெருவின் மற்ற செர்ரிக் கன்றுகளை யார் நட்டது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நம் பழைய இலக்கியத்தில் இதற்கு வாவல் என்று பெயர். பெங்களூரில் கன்னடக்காரர்களிடம் கேட்டால் பாவலி என்பார்கள், இரண்டும் ஒரே வேர். குன்றுப் பக்கக் கிராமங்களில் இடம் விசாரிக்கும்போது பாவலி என்று கேளுங்கள், மாடு மேய்ப்பவர்களுக்கு எந்தப் பொந்தில் எந்த மாதத்தில் இருக்கும் என்பது வரை தெரியும்.

பதிவு எழுதும்போது பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: காது ஓரம், வால், மூக்கு, முன்கை, எப்படித் தொங்கியது, எங்கே தொங்கியது, தேதி, நேரம். கடைசியில் நிறம். பேரினம் வரைக்கும்தான் உறுதி என்றால் அதோடு நிறுத்துங்கள், "பிப்பிஸ்ட்ரெல், இனம் பிரிக்க முடியவில்லை" என்பது முழுமையான பதிவு, ஊகித்து எழுதிய இனப் பெயரைவிட அது ஆய்வாளர்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும். ஐநேச்சுரலிஸ்ட்டில் (உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளம்) போடுகிறீர்கள் என்றால் நாலு படத்தையும் சேர்த்தே போடுங்கள். குகையாக இருந்தால் இடத்தை மறைத்துவிட்டு மாவட்டப் பெயரோடு விட்டுவிடுங்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டம் போனால் அந்தக் குகை ஒரே வாரத்தில் காலியாகிவிடும்.